பிடித்த இளையோர் நாவலை அடுத்தவர் கையில் சேர்ப்பது எப்படி?

கேள்வி: எனக்கு இளையோர் நாவல்கள் என்றால் உயிர். அதிலும் மார்க்கஸ் ஜூசாக் எழுதிய 'தி புக் தீஃப்' நாவலை எத்தனை முறை படித்திருப்பேன் என்றே தெரியாது. அதை மூன்று பேருக்குக் கொடுத்தேன். 14 வயது அக்கா மகள் முப்பது பக்கத்தில் மூடி வைத்துவிட்டாள். இத்தனைக்கும் 'ஹங்கர் கேம்ஸ்' முதல் மூன்று பாகங்களையும் ஒரே வாரத்தில் முடித்தவள் அவள். 16 வயதுத் தம்பி அட்டையைக்கூடத் திறக்கவில்லை. அலுவலகத் தோழி "சின்னப் பசங்க புக்கா?" என்று கேட்டுத் திருப்பிக் கொடுத்துவிட்டார். அடுத்த மாதம் எங்கள் வாசிப்பு வட்டத்தில் இளையோர் நூல்களைப் பற்றிப் பத்து நிமிடம் பேச வேண்டும். அங்கேயும் இப்படி ஆகிவிடுமோ என்று பயமாக இருக்கிறது. பிடித்த புத்தகத்தைப் பரிந்துரைப்பதற்கு முறை என்று ஏதாவது இருக்கிறதா?

பதில்: அன்புள்ள வாசகிக்கு,

முறை இருக்கிறது. உங்கள் ரசனையில் கோளாறு இல்லை; அந்த மூன்று பேரிடமும் இல்லை. நீங்கள் புத்தகத்தைக் கையில் வைத்துக்கொண்டு ஆளைத் தேடினீர்கள். நூலகத்தில் நாங்கள் ஆளை முன்னால் வைத்துக்கொண்டு புத்தகத்தைத் தேடுவோம். எஸ்.ஆர். ரங்கநாதன் 1931-ல் வெளியிட்ட நூலக அறிவியலின் ஐந்து விதிகளில் இரண்டாவது, ஒவ்வொரு வாசகருக்கும் அவருக்கான நூல்; மூன்றாவது, ஒவ்வொரு நூலுக்கும் அதற்கான வாசகர். வாசகர் முதலில் வருகிறார், நூல் அடுத்துதான் வருகிறது. பரிந்துரை என்ற வேலை முழுவதும் அந்த வரிசையில்தான் நிற்கிறது.

அக்கா மகள் விஷயத்தைக் கொஞ்சம் பிரித்துப் பார்ப்போம், ஏனென்றால் பெரும்பாலானவர்கள் சறுக்கும் இடம் இதுதான். நீங்கள் கணக்குப் போட்ட விதம் புரிகிறது. 'ஹங்கர் கேம்ஸ்' கதையில் ஒரு பெண் நாயகி, கொடூரமான அரசு, பசி, சாவு. 'தி புக் தீஃப்' கதையிலும் ஒரு சிறுமி, நாஜி ஜெர்மனி, பசி, சாவு. பொருள் பொருந்துகிறது. ஆனால் அவள் ஒரு வாரத்தில் முடித்தது பொருளுக்காக இருக்க வாய்ப்பு குறைவு, வேகத்துக்காக. 'ஹங்கர் கேம்ஸ்' முதல் பாகத்தை எடுத்துப் பாருங்கள். நாயகியே 'நான்' என்று சொல்கிறாள், அதுவும் நிகழ்காலத்தில். அவளுக்கு அடுத்த நிமிடம் என்ன ஆகும் என்று அவளுக்கே தெரியாது, நமக்கும் தெரியாது. மொத்தம் 27 அத்தியாயங்கள். முதல் அத்தியாயத்தின் கடைசி வரியிலேயே, சாவுப் போட்டிக்கு ஆள் எடுக்கும் குலுக்கலில் தங்கையின் பெயர் வந்துவிடுகிறது. மூடி வைக்க முடியாத இடமாகப் பார்த்து அத்தியாயத்தை வெட்டுவது அதை எழுதிய சூசன் காலின்ஸின் கைத்திறன்.

'தி புக் தீஃப்' இதற்கு நேர் எதிர். கதை சொல்வதே மரணம். நடக்கப்போவதை முன்கூட்டியே சொல்லிவிடும் பழக்கம் அதற்கு உண்டு. நடுநடுவே தடித்த எழுத்தில் தனிக் குறிப்புகள் வந்து கதையை நிறுத்தும். ஏறத்தாழ 550 பக்கம். 'அடுத்து என்ன' என்ற ஒன்றையே பிடித்துக்கொண்டு ஓடுகிற வாசகிக்கு, அந்தப் பிடியையே எடுத்துவிடுகிற நாவல் இது. நீங்கள் அதில் மயங்கியது மொழியிலும், அந்தச் சிறுமிக்கும் வளர்ப்புத் தந்தைக்கும் இடையில் உள்ள அன்பிலும். முப்பதாவது பக்கத்தில் அவளுக்கு அது இன்னும் வந்து சேர்ந்திருக்காது.

எனவே முதலில் கேட்க வேண்டும். "உனக்கு எந்த மாதிரி புக் பிடிக்கும்?" என்று மட்டும் கேட்காதீர்கள். பதில் "தெரியல" என்றோ "த்ரில்லர்" என்றோ வரும், இரண்டும் உதவாது. மூன்று கேள்விகள் போதும். கடைசியாக எதைக் கீழே வைக்க மனமில்லாமல் படித்தாய், அல்லது பார்த்தாய்? சினிமா, தொடர், கேம் எதுவானாலும் சரி. அதில் எந்த இடம் இன்னும் நினைவில் இருக்கிறது? பாதியில் விட்ட புத்தகம் எது, எந்த இடத்தில் விட்டாய்?

மூன்றாவது கேள்விதான் அதிகம் சொல்லும். இருபது பக்கத்துக்குள் விட்டால் நடையோ தொடக்கமோ ஒட்டவில்லை. பாதியில் விட்டால் கதை தொய்ந்திருக்கிறது, அல்லது ஏதோ ஒன்று மனதைச் சங்கடப்படுத்தியிருக்கிறது. முடிவுக்கு அருகில் விட்டவர் பெரும்பாலும் முடிவை ஊகித்துவிட்டவர்.

இரண்டாவது கேள்விக்கு வரும் பதிலில் வார்த்தைகளைக் கவனியுங்கள். அமெரிக்க நூலகர் நான்சி பேர்ல் இதற்கு ஒரு நல்ல வழி சொல்லியிருக்கிறார்: ஒரு கதைக்குள் நுழைய நான்கு வாசல்கள் உண்டு. கதையோட்டம், பாத்திரங்கள், களம், மொழி. "அப்புறம் அவன் ஓடி வந்து, அதுக்குள்ள இவங்க..." என்று சம்பவமாகச் சொல்பவர் கதையோட்டம் வழியாக வருகிறவர். "அந்தப் பொண்ணு இருக்கால்ல, பாவம்" என்று தொடங்குபவருக்கு வாசல் பாத்திரம். அந்த ஊரை, அந்த உலகத்தின் சட்டதிட்டங்களை விவரிப்பவருக்குக் களம். ஒரு வரியை அப்படியே சொல்லிக்காட்டுபவருக்கு மொழி. ஒருவருக்கு எல்லா வாசலும் கொஞ்சம் கொஞ்சம் திறந்திருக்கும். எது அகலமாகத் திறந்திருக்கிறதோ அதன் வழியாகப் போங்கள். உங்களுக்கு மொழி, அவளுக்குக் கதையோட்டம். இது தெரிந்த பிறகு பாதி வேலை முடிந்தது.

அவளுக்கு அடுத்து என்ன கொடுக்கலாம்? நீல் ஷஸ்டர்மனின் 'ஸைத்', 2016-ல் வந்தது. இயற்கைச் சாவை மனிதர்கள் ஒழித்துவிட்ட உலகம். மக்கள்தொகையைக் கட்டுப்படுத்த ஆட்களைக் கொல்வதற்கென்றே நியமிக்கப்பட்டவர்கள் இருக்கிறார்கள். அந்த வேலையை விரும்பாத ஒரு பெண்ணையும் ஒரு பையனையும் அதற்கே பயிற்சிக்கு எடுக்கிறார்கள். வேகம் 'ஹங்கர் கேம்ஸ்' அளவுக்கு இருக்கும். கூடவே அத்தியாயங்களுக்கு நடுவில் நாட்குறிப்புகள் வரும். நின்று யோசிக்க வைக்கும் பக்கங்கள் அவை. அதாவது, 'தி புக் தீஃப்' கேட்கிற பொறுமையில் கொஞ்சத்தை அவள் அறியாமலே பழகிக்கொள்வாள். கொலைகள் நிறைய உண்டு, சில காட்சிகள் கடுமையானவை. 'ஹங்கர் கேம்ஸ்' தாங்கியவள் இதையும் தாங்குவாள், ஆனாலும் முன்பே சொல்லிவிடுங்கள். தொடரின் முதல் பாகம் என்பதால் இன்னொன்றையும் சொல்ல வேண்டும்: கதை அந்தப் பாகத்திலேயே ஒரு முடிவுக்கு வருமா, அந்தரத்தில் நிற்குமா? இது ஓரளவு முடிந்து நிற்கும். அந்தரத்தில் நிற்கும் முதல் பாகத்தைச் சொல்லாமல் கொடுத்தால், அடுத்த பாகம் கிடைக்காத அன்று உங்கள் மேல்தான் கோபம் வரும்.

அதற்குப் பிறகு லோயிஸ் லௌரியின் 'தி கிவர்'. 1993-ல் வந்து, அடுத்த ஆண்டு, அமெரிக்கச் சிறார் இலக்கியத்துக்கான நியூபரி பதக்கம் பெற்ற நாவல். இருநூறு பக்கத்தை ஒட்டியது, நடை எளிமை, ஆனால் நிதானமாகப் போகும். முடிவு திறந்தே இருக்கும், "அப்புறம் என்ன ஆச்சு?" என்று கேட்கிறவர்களுக்கு எரிச்சல் வரும். அந்த எரிச்சல் வந்தால் உங்களைக் கூப்பிடச் சொல்லுங்கள். அதைவிட நல்ல உரையாடல் எதிலிருந்தும் தொடங்காது.

தம்பியின் கதை வேறு. படிக்காத 16 வயதுப் பையனுக்கு முதல் தடை புத்தகத்தின் கனம். அவன் பார்ப்பது அட்டையை இல்லை, முதுகின் அகலத்தை. பிறகு ஒரு பக்கத்தைத் திறந்து எழுத்து எவ்வளவு நெருக்கமாக இருக்கிறது என்பதை. இவனுக்குக் கதையைச் சொல்வதற்கு முன்னால் பக்கத்தைக் காட்டுங்கள். ஜேசன் ரெனால்ட்ஸின் 'லாங் வே டவுன்' (2017) முந்நூறு பக்கத்துக்கு மேல் இருக்கும், ஆனால் முழுக்கக் கவிதை வடிவம். சில பக்கங்களில் நாலைந்து வரிதான். அண்ணனைச் சுட்டுக் கொன்றவனைப் பழிவாங்க, 15 வயது வில் துப்பாக்கியோடு லிஃப்டில் ஏறுகிறான். எட்டாவது மாடியிலிருந்து கீழே வர அறுபது விநாடி. நாவலின் பெரும்பகுதி அந்த அறுபது விநாடிதான். ஒவ்வொரு தளத்திலும் ஒருவர் ஏறுகிறார். ஏறுவது யார் என்று சொல்லாதீர்கள். ஒரே உட்காரலில் முடித்துவிடலாம், ஒரு புத்தகத்தை முடித்த அனுபவமே அவனுக்குப் புதிதாக இருக்கும்.

சினிமாப் பைத்தியம் என்றால் வால்டர் டீன் மையர்ஸின் 'மான்ஸ்டர்' பொருந்தும். கொலை வழக்கில் சிக்கிச் சிறையில் இருக்கும் 16 வயதுப் பையன், தன் வழக்கு விசாரணையைத் திரைக்கதையாக எழுதுகிறான். காட்சி, வசனம், கேமரா கோணம் என்றே பக்கங்கள் ஓடும்; நடுவில் கையெழுத்து நாட்குறிப்பு. இளையோர் நூல்களுக்கான பிரின்ட்ஸ் விருது 2000-ல் தொடங்கியபோது முதலில் பெற்றது இதுதான். அவன் குற்றவாளியா என்பதை வாசகரே முடிவு செய்ய வேண்டியிருக்கும்.

இங்கே வயது பற்றி ஒரு வார்த்தை. பதின்பருவத்தினர் தங்கள் வயதுக்காரரையோ, ஒன்றிரண்டு வயது மூத்தவரையோ பற்றிப் படிக்கத்தான் விரும்புவார்கள். தம்பியிடம் 13 வயது நாயகனின் கதையைக் கொடுத்தால், அது எவ்வளவு நல்ல கதையானாலும், தன்னைச் சிறுவனாக நினைக்கிறார்கள் என்றுதான் அவனுக்குப் படும். ஒரே கோடரியோடு காட்டில் தனியாக மாட்டிக்கொள்ளும் சிறுவனைப் பற்றிய கேரி பால்சனின் 'ஹேட்செட்' அருமையான நாவல். ஆனால் அதன் நாயகனுக்கு வயது 13. அதை 11, 12 வயதுக்காரருக்குக் கொடுங்கள், பறந்துகொண்டு படிப்பார்கள்.

அலுவலகத் தோழிக்கு ஒரு தகவல் உதவும். 'தி புக் தீஃப்' 2005-ல் ஆஸ்திரேலியாவில் பெரியவர்களுக்கான நாவலாகத்தான் வெளிவந்தது. அமெரிக்காவில்தான் இளையோர் நூலாகப் பதிப்பித்தார்கள். இளையோர் நாவல் என்பது 12 முதல் 18 வயது வரை உள்ளவர்களை மனதில் வைத்துப் பதிப்பாளர் ஒட்டும் சீட்டு. அதை அவரிடம் வாதமாக வைக்க வேண்டாம். மூன்று கேள்விகளைக் கேட்டு, அவர் வாசல் எது என்று பார்த்துவிட்டு, வயதுச் சீட்டைப் பற்றிப் பேசாமலே கொடுங்கள்.

அடுத்தது, எப்படிச் சொல்வது. நான்கு வாக்கியம் போதும். யார் என்ன சிக்கலில் இருக்கிறார், எப்படிப் போகும், எது கடினமாக இருக்கும், எங்கே ஒட்டாமல் போகலாம். எஸ்.இ. ஹிண்டன் 15 வயதில் எழுதத் தொடங்கி 1967-ல் வெளிவந்த 'தி அவுட்சைடர்ஸ்' நாவலை வைத்துக் காட்டுகிறேன்:

"போனிபாய்க்கு 14 வயசு, அம்மா அப்பா இல்ல, ரெண்டு அண்ணன்கள்தான், ஒரு ராத்திரி நடந்த சண்டையில ஒருத்தன் செத்துப்போக, அவனும் அவன் ஃப்ரெண்டும் ஊரை விட்டு ஓட வேண்டியதாயிடுது. அவனே பக்கத்துல உக்காந்து சொல்ற மாதிரி இருக்கும், சின்னப் புத்தகம்தான். சாவு இருக்கு, மனசைப் பிசையும். பழைய காலத்துப் பேச்சு முதல் ரெண்டு அத்தியாயத்துல கொஞ்சம் ஒட்டாது, அதைத் தாண்டிட்டா சரியாயிடும்."

இவ்வளவுதான். முதல் மூன்றில் ஒரு பங்கைத் தாண்டி ஒரு சம்பவமும் சொல்லவில்லை. அந்த எல்லையை விடாதீர்கள். கடைசி வாக்கியத்தை விட்டுவிட ஆசையாக இருக்கும், விடாதீர்கள். எங்கே தட்டும் என்று முன்பே சொன்னால், அந்த இடம் வரும்போது வாசகர் புத்தகத்தை மூடாமல் தாண்டிப் போவார். நீங்கள் சொன்னது நடக்கிறது என்ற நம்பிக்கையும் பிறக்கும்.

சொல்லக் கூடாதவை சில. "வாழ்க்கையே மாறிடும்", "கண்டிப்பா அழுவ", "இதைப் படிக்காம எப்படி இருக்க?" இவை கதையைப் பற்றி ஒன்றும் சொல்லாமல் பாரத்தை மட்டும் ஏற்றுகின்றன. அழாவிட்டால் தன்னிடம்தான் குறையோ என்று அந்தப் பிள்ளை நினைக்கும். "கடைசியில ஒரு ட்விஸ்ட் இருக்கு" என்பதையும் சொல்லாதீர்கள். ட்விஸ்ட் என்னவென்று சொல்லாவிட்டாலும், இருக்கிறது என்று தெரிந்தவர் ஒவ்வொரு பக்கத்தையும் சந்தேகத்தோடு படிப்பார். படிப்பின் சுகம் அங்கேயே போய்விடும்.

கடினமான பொருள் உள்ள நூல்களில் இந்த ரகசியம் காக்கும் விதிக்கு விலக்கு உண்டு. லாரி ஹால்ஸ் ஆண்டர்சனின் 'ஸ்பீக்' (1999) நாவலில், விடுமுறை விருந்து ஒன்றில் மெலிண்டா போலீஸை அழைத்துவிட்டாள் என்பதற்காகப் பள்ளியே அவளை ஒதுக்குகிறது. அவள் பேச்சையே குறைத்துக்கொள்கிறாள். ஏன் அழைத்தாள் என்பதை நாவல் மெதுவாகத்தான் வெளியிடும். காரணம் பாலியல் வன்முறை. இதைச் சொன்னால் சுவாரசியம் குறையுமே என்று தோன்றும். குறையட்டும். தனக்கே அப்படி நேர்ந்ததை யாரிடமும் சொல்லாமல் வைத்திருக்கும் ஒரு பெண், எந்த முன்னறிவிப்பும் இல்லாமல் அந்தப் பக்கத்தில் போய் முட்டக் கூடாது. "இதில் ஒரு பெண்ணுக்கு நேர்ந்த பாலியல் வன்முறை பற்றி வருகிறது, விவரமாக அல்ல, ஆனால் வருகிறது, வேண்டாம் என்றால் வேறு தருகிறேன்" என்று தாழ்ந்த குரலில், வேறு யாரும் கேட்காதபடி சொல்லுங்கள். தற்கொலை, தன்னைத் தானே காயப்படுத்திக்கொள்வது, பெற்றோரின் சாவு ஆகியவற்றுக்கும் இதே முறைதான்.

இதோடு சேர்ந்த இன்னொரு தவறு, நல்லெண்ணத்தில் செய்வது. அம்மா நோயில் இருக்கும் பிள்ளையிடம், அம்மாவுக்குப் புற்றுநோய் வந்த பையனின் கதையைச் சொல்லும் பேட்ரிக் நெஸ்ஸின் 'எ மான்ஸ்டர் கால்ஸ்' நூலை நேராகக் கொண்டுபோய் நீட்டுவது. புத்தகங்கள் நம்மையே காட்டும் கண்ணாடியாகவும், பிறர் வாழ்வைக் காட்டும் ஜன்னலாகவும் இருக்கின்றன என்று அமெரிக்கக் கல்வியாளர் ருடின் சிம்ஸ் பிஷப் 1990-ல் எழுதினார். தன்னைக் கண்ணாடியில் எப்போது பார்ப்பது என்பதை அந்தப் பிள்ளைதான் முடிவு செய்ய வேண்டும். மூன்று புத்தகங்களில் ஒன்றாக அதையும் வையுங்கள். நான்கு வாக்கியத்தில் அது எதைப் பற்றியது என்று சொல்லிவிட்டு, மற்ற இரண்டையும் அதே குரலில் சொல்லுங்கள். எடுப்பதும் விடுவதும் அவர் கையில்.

மூன்று என்பதை எல்லாருக்கும் வைத்துக்கொள்ளுங்கள். ஒன்றை மட்டும் கொடுத்தால் அது கட்டளை; ஆறேழு கொடுத்தால் குழப்பம். மூன்றில் ஒன்று அவர் கேட்டதற்கு அப்படியே பொருந்துவது, ஒன்று ஒரு படி தள்ளியது, மூன்றாவது வடிவத்தில் வேறானது: கவிதை நாவல், கிராஃபிக் நாவல், ஆடியோ புத்தகம் இப்படி. ஆடியோ என்றால் குரலை ஐந்து நிமிடம் கேட்டுவிட்டுக் கொடுங்கள். நல்ல நாவல்களும் வாசிப்பவரின் குரலில் கெட்டுப்போவதுண்டு.

கொடுத்த பிறகு "படிச்சிட்டியா?" என்று கேட்பதை அடியோடு நிறுத்த வேண்டும். அந்தக் கேள்வி வந்த நொடியில் நாவல் வீட்டுப்பாடமாகிவிடும். இரண்டு வாரம் கழித்து ஒரே ஒரு முறை, "ஒட்டலன்னா சொல்லு, வேற பாக்கலாம்" என்றால் போதும். ஐம்பது பக்கம் படித்துப் பிடிக்காவிட்டால் விடலாம் என்பது நான்சி பேர்லின் விதி. ஐம்பது வயதைத் தாண்டியவர்கள் நூறிலிருந்து வயதைக் கழித்து மீதிப் பக்கங்களைப் படித்தால் போதும் என்பார். இருநூறு பக்க இளையோர் நாவலுக்கு ஐம்பதே அதிகம், மூன்று அத்தியாயம் போதும். விட்டுவிட்டேன் என்று வந்து சொல்பவரிடம் முகம் கோணாமல் "எந்த இடத்துல?" என்று கேட்டு நோட்டில் ஒரு வரி எழுதி வையுங்கள். பெயர், பிடித்தது, விட்ட இடம். நாலு மாதத்தில் அந்த நோட்டு எந்த விருதுப் பட்டியலைவிடவும் உங்களுக்குப் பயன்படும்.

வாசிப்பு வட்டத்துப் பத்து நிமிடத்துக்கு ஐந்து புத்தகம், ஒன்றுக்கு ஒன்றரை நிமிடம். ஏழரை நிமிடம் போக மீதி கேள்விகளுக்கு. ஐந்தும் ஐந்து விதமாக இருக்கட்டும். ஐந்தும் துயரக் கதைகளாக இருந்தால் மூன்றாவதிலேயே கூட்டம் சோர்ந்துவிடும். மிக வேகமானதை முதலில் வையுங்கள், உங்கள் உயிரான 'தி புக் தீஃப்' நாவலை நான்காவதாக. கடைசி இடம் சிறிய, இலேசான நூலுக்கு. ஒரே ஒரு புத்தகத்திலிருந்து மட்டும் ஒரு நிமிடம் உரக்கப் படியுங்கள். முதல் அத்தியாயத்திலிருந்து எடுங்கள், ஒரு கேள்வி எழுந்து பதில் வருவதற்கு முந்தைய வரியில் நிறுத்துங்கள். அந்த வரியில் பென்சிலால் கோடு போட்டுக்கொள்ளுங்கள், இல்லாவிட்டால் ஆர்வத்தில் தாண்டிப் படித்துவிடுவீர்கள். வீட்டில் ஒரு முறை கடிகாரம் வைத்துச் சத்தமாகச் சொல்லிப் பாருங்கள். மனதுக்குள் ஒன்றரை நிமிடமாகத் தோன்றுவது வாயில் மூன்று நிமிடமாகும். பிரதிகளை மேசை மேல் வைத்துவிட்டு நகர்ந்து நில்லுங்கள். நீங்கள் அருகிலேயே நின்றால் கூச்சப்பட்டு எடுக்க மாட்டார்கள்.

'தி புக் தீஃப்' அக்கா மகளிடம் திரும்பிப் போக வேண்டிய நாள் வரும். 'தி கிவர்' முடித்துவிட்டு அந்த முடிவைப் பற்றி அவளாகவே பேச வந்தால் அதுதான் அடையாளம். அப்போது கொடுக்கும்போது இப்படிச் சொல்லுங்கள்: "இதுல கதை சொல்றது மரணம். என்ன நடக்கப்போகுதுன்னு அதுவே முன்கூட்டிச் சொல்லிடும், அதனால வேகமாப் போகாது. போர்க்காலத்துல திருடின புத்தகங்களை வெச்சுப் படிக்கக் கத்துக்கிற ஒரு பொண்ணோட கதை. போன தடவை நீ விட்ட இடத்துல அந்தப் பொண்ணு இப்பதான் புது வீட்டுக்கு வந்திருப்பா, அவ வளர்ப்பு அப்பாவை நீ இன்னும் சரியாப் பாக்கவே இல்ல. அவரைப் பாத்துட்டு வேணும்னா மூடி வை."